மிஸஸ் ஹாலோவேக்குப் பிடிக்குமா?

பீரங்கிப் படை முகாமை ஒட்டிய லாட்டன் ஊரில் ப்ரூயிட் குடும்பத்து வீட்டில் மொத்தம் நான்கு பேர். சார்ஜன்ட் வெண்டல் ப்ரூயிட், அவன் மனைவி லெனோரா, பத்து வயது மகள் கோரின், அப்புறம் மிஸஸ் ஹாலோவே. இந்த நான்காவது ஆளை யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அப்படி ஒருத்தி கிடையாது. ஆனால் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மூன்று வருஷம் கழித்து வெண்டலுக்கு மாற்றல் வரும். வந்தால் வீட்டை விற்க வேண்டும். அப்போது அதை வாங்கப்போகிற இன்னொரு பட்டாளத்துக்காரரின் மனைவிதான் மிஸஸ் ஹாலோவே. புருஷன் கேப்டன், இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். இத்தனையும் லெனோரா தானாகவே முடிவு செய்துகொண்டது. தன் அறைக்கு ஊதா நிறம் அடிக்க வேண்டும் என்று கோரின் கேட்டாள். "மிஸஸ் ஹாலோவேக்குப் பிடிக்குமா?" என்று லெனோரா திருப்பிக் கேட்டாள். பிடிக்காதாம். சாம்பல் நிறம் அடித்தார்கள். லெனோராவுக்கே சமையலறை மஞ்சளாக இருக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசை. அதுவும் மிஸஸ் ஹாலோவேக்குப் பிடிக்காதாம். அதற்கும் சாம்பல்.

லெனோரா ஒன்றும் கிறுக்கு இல்லை. பதினோரு வருஷத்தில் ஆறு ஊர், ஆறு குவார்ட்டர்ஸ். எல்லாச் சுவரும் அதே பழுப்பு வெள்ளை. படம் மாட்ட ஒரு ஆணி அடித்தால், காலி செய்கிற அன்று அந்த ஓட்டையில் பற்பசையைத் திணித்து, விரலால் தடவி, ஒன்றும் தெரியாத மாதிரி சாவியைக் கொடுக்க வேண்டும். பட்டாளத்துப் பெண்டாட்டிகள் பல் தேய்த்ததைவிடச் சுவர் பூசியதுதான் அதிகம். அப்படிப்பட்டவள் முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வீடு வாங்கியிருக்கிறாள். விற்கும்போது கையைக் கடிக்கக் கூடாது என்று நினைத்ததில் என்ன தப்பு?

அவளுக்கு உபதேசம் செய்தது பக்கத்து வீட்டு மிஸ் பெர்னிடா. கல்யாணமானவளாக இருந்தாலும் பெரியவளை அந்த ஊரில் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினொரு தடவை வீடு மாறியவள், நான்கு வீட்டை லாபத்துக்கு விற்றவள். ஐந்தாவது ஒரு வீடும் உண்டு, அதைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

"இங்க பாரு கண்ணு," என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். "நீச்சல் குளம் வேண்டாம், பூப்போட்ட சுவர்க் காகிதம் வேண்டாம். நீ ரசிச்சு ரசிச்சுப் பண்றது எதுக்கும் ஒரு டாலர் திரும்பி வராது. தரை, அடுப்படி, வேலி, காரேஜ் கதவு. இந்த நாலுல போடு. வர்றவ கதவைத் தொறந்ததும் வாயைப் பொளக்கணும்."

"நாங்க இருக்கப்போற மூணு வருஷம், மிஸ் பெர்னிடா?"

"மூணு வருஷம் எப்படியோ ஓடிடும். அதுக்கா செலவு பண்ணுவாங்க?"

ஆனால் லெனோராவுக்கு அந்த மூன்று வருஷம் லேசான விஷயம் இல்லை. வெண்டல் பீரங்கிக்காரன். பதினோரு வருஷத்தில் ஐந்து வருஷம் வெளிநாட்டில் இருந்தான். மிச்ச வருஷங்களிலும் பாதி நாள் பயிற்சி என்று காட்டில் கிடந்தான். இப்போதுதான் முகாமில் பையன்களுக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் மாலை ஐந்தரைக்கு வாசலில் வண்டிச் சத்தம். மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற புருஷன். அவள் கேட்டது அவ்வளவுதான், பதினோரு வருஷமாக அதற்காகத்தான் காத்திருந்தாள். இந்த மூன்று வருஷம் போனால் அடுத்து அவனை எந்தக் கண்டத்துக்கு அனுப்புவார்களோ.

வீட்டை வாங்கியபோது அது பார்க்கச் சகிக்காது. முன்பு இருந்த கிழவர், கால் புதைகிற மாதிரி தடித்த பழுப்புக் கம்பளம் போட்டிருந்தார். ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. உட்கூரையில் சோளப்பொரியை அள்ளி ஒட்டியது போல ஒரு சொரசொரப்பு. அடுப்படிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே மொட்டையாக ஒரு சுவர். மொத்தத்தில் பழைய சினிமாக் கொட்டகைக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருந்தது.

முதல் ஆறு மாதம் லெனோராவுக்குச் சொர்க்கம். ஆளை வைத்தால் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று எல்லா வேலையையும் வெண்டலே செய்தான். அவன் ஏணியில் நின்று உட்கூரையைச் சுரண்டுவான், அவள் கீழே நின்று தண்ணீர் பீய்ச்சுவாள். தலையெல்லாம் சுண்ணாம்பும் வாயெல்லாம் பேச்சுமாக இருவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் கம்பளம் போனது, மரம் மாதிரியே பளபளக்கும் வினைல் பலகை வந்தது. திரைகள் போய், கயிற்றை இழுத்தால் மடிகிற மெல்லிய தகட்டு மறைப்புகள் வந்தன. கடைசியில் நடுச்சுவரையும் இடித்தார்கள். வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை ஒரே பார்வை. மிஸ் பெர்னிடா வந்து பார்த்து நிஜமாகவே வாயைப் பிளந்தாள்.

"மிஸஸ் ஹாலோவே மயங்கி விழுந்துடுவா, போ!"

வீடு பளபளக்கப் பளபளக்க வெண்டலின் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. லெனோரா இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. யார்தான் போடுவார்கள்? சாப்பிட உட்காருவான். எது சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். வெண்டைக்காய் வறுவலையும் பீன்ஸையும் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, காரேஜுக்குப் போய்விடுவான். அங்கே பழைய வண்டியின் கீழே படுத்துக்கொண்டால் தூங்கப் போகிற நேரத்துக்குத்தான் வெளியே வருவான்.

ஒரு நாள் கோரின் ஆப்பிள் துண்டை மென்றுகொண்டே, "அப்பா, பாம்பு ஒண்ணு வளர்க்கலாமா?" என்று கேட்டாள்.

"சரி கண்ணு," என்று தலையாட்டினான் வெண்டல்.

"அம்மா! அப்பா சரின்னுட்டாரு! நீதான் சாட்சி!"

லெனோராவுக்குச் சிரிப்பு வரவில்லை. பாலைவனத்திலிருந்து போன் செய்தபோதெல்லாம் அரை மணி, ஒரு மணி பேசியவன்தானே இவன். எட்டாயிரம் மைல் தள்ளி இருந்தபோது பேச ஆயிரம் இருந்தது, நான்கடி தள்ளி உட்கார்ந்தால் ஒன்றும் இல்லையா? தன்னோடு இருப்பதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வந்தபின் போகமாட்டேன் என்றது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மிஸ் பெர்னிடாவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆம்பளைங்க வீட்டோட இருந்தா இப்படித்தான் கண்ணு," என்றாள் பெர்னிடா. "எங்க வீட்டு ஆளு ரிட்டயர் ஆகி வந்து ஆறு மாசம் நாயோடதான் பேசினாரு. நாயும் போயிடுச்சு. இப்ப டீவியோட."

மே மாதம். லாட்டனில் மே மாதம் என்றால் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் துணிகூட உலர்த்த முடியாது. அன்று ஆறரை மணிக்கு, சோள ரொட்டியும், கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் தட்டில் விழுந்த நேரம், வானம் பச்சையாகி ஊர்ச் சங்கு அலறியது. விளக்குகள் பொட்டென்று போயின. சுழல்காற்று வந்தால் ப்ரூயிட் வீட்டில் ஒளிவதற்கு ஒரே இடம்தான், வீட்டு நடுவில் இருந்த துணி அறை. வெண்டல் ஒரு கையில் கோரினையும் ஒரு கையில் ரொட்டித் தட்டையும் தூக்கிக்கொண்டு ஓடினான். லெனோரா சில்லிப் பானையோடு பின்னால் ஓடினாள்.

துணி அறை என்றுதான் பேர். உள்ளே ஆள் நுழைய இடம் கிடையாது. அலாஸ்காவில் வாங்கிய கம்பளிக் கோட்டுகள், வெண்டலின் சீருடைகள், பஞ்சு மெத்தைப் போர்வைகள், தூங்கும் பைகள், பிரிக்காத மூட்டைகள். மூவரும் அதற்குள் புதைந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். கும்மிருட்டு. வெளியே காற்று எங்கேயோ ஊளையிட்டது. இவர்கள் தெருவை விட்டு வடக்கே போய்விட்டது, ஆனால் சங்கு ஓயும்வரை வெளியே வரக் கூடாது.

"பயமா இருக்குப்பா," என்றாள் கோரின், கோட்டுகளுக்கு நடுவிலிருந்து.

"பயப்படாத. ஒரு கதை சொல்லட்டுமா? பாலைவன முகாம்ல எங்களுக்கு ஒரு ஆடு இருந்துச்சு."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. முகாம் சமையல்காரன் கர்னலின் ஐஸ்கிரீம் பெட்டியைக் கொடுத்து ஊர்க்காரனிடம் ஆடு வாங்கிய கதை. ஜெனரல் பார்வையிட வந்த அன்று காலை பீரங்கி மைதானத்து வரைபடத்தை அது கிழக்குப் பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்த கதை.

"ஆட்டுக்குப் பேரு?"

"லெப்டினன்ட். அந்த முகாம்ல நாங்க மனசார சல்யூட் அடிச்சது அதுக்கு மட்டும்தான்."

கோரின் மூச்சு முட்டச் சிரித்தாள். லெனோரா சில்லிப் பானையை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டில், கண்ணீர் வரச் சிரித்தாள். அவள் கேட்டாள், அவன் சொன்னான். கோரின் குறுக்கே புகுந்தாள், அதற்கும் சொன்னான். ஐம்பது நிமிஷம் ஒரே அரட்டை. சங்கு நின்றபோது, இன்னும் கொஞ்ச நேரம் ஊதினால் என்ன கெட்டுப்போயிற்று என்று லெனோராவுக்கு இருந்தது.

வெளியே வந்து சாப்பாட்டு மேஜையில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள். கோரின் அடுப்படிப் பக்கம் தண்ணீர் பிடிக்கப் போனாள். அங்கிருந்தே கேட்டாள்: "அப்பா, அப்புறம் லெப்டினன்ட் என்ன ஆச்சு?"

வெண்டல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா! ஆடு என்ன ஆச்சு?"

அவன் நிமிர்ந்தான். எதிரே இருந்த லெனோராவைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தான், தலையை ஆட்டினான். பல மாதமாக அவள் பார்த்துப் பார்த்து வெந்துபோன அதே சிரிப்பு.

"இந்த ரூம்ல அப்பாவுக்குக் காது கேக்காதும்மா," என்றாள் கோரின், தண்ணீர் டம்ளரோடு வந்து உட்கார்ந்தபடி. "வெளிச்சம் இருந்தா வாயப் பாத்துக் கொஞ்சம் கண்டுபிடிப்பாரு. இருட்டுல முடியாது."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"எப்பவோ தெரியுமே. அதான் பாம்பு கேட்டேன்."

லெனோரா எழுந்தாள். வெண்டலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

"வருஷா வருஷம் காது டெஸ்ட் பண்றாங்களே?"

"சத்தம் கேட்டா பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதானே. பதினோரு வருஷமா அதே டெஸ்ட்டு. எப்ப அமுக்கணும்னு கைக்கே தெரியும். பெயிலானா பீரங்கிக்கிட்டேருந்து எடுத்துடுவாங்க லெனோரா. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

"அவங்ககிட்ட மறைச்ச, சரி. எங்கிட்ட எதுக்கு மறைச்ச? நான் என்னெல்லாம் நெனச்சுட்டேன் தெரியுமா?"

"வந்த புதுசுல இந்த வீட்டுல நல்லாக் கேட்டுச்சு. சத்தியமா. எனக்கே ஆச்சரியம், காது சரியாகிட்டு வருதுன்னு நெனச்சேன். அப்புறம் சீலிங்கைச் சுரண்டினோம். கம்பளத்தை எடுத்தோம். சுவரு போன அன்னிக்கு மொத்தமும் போச்சு. ஒரு கரண்டி விழுந்தா பத்துக் கரண்டி விழற மாதிரி எதிரொலிக்குது. இங்க இந்தத் துணிக்கு நடுவுல அது இல்லை. நீங்க ரெண்டு பேரும் பேசறது எல்லாம் ஒண்ணா சேந்து கொழகொழன்னு வந்து விழுது. எத்தனை தடவைதான் 'என்ன? என்ன?'ன்னு கேக்கறது?"

"அப்பவே வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல!"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த. அப்புறம், மிஸஸ் ஹாலோவேக்கு ரொம்பப் பிடிக்கும்னு சொன்ன."

லெனோராவுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டில் எது முதலில் என்று தெரியாமல் அலாஸ்காக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோபம் அவன் மேல் கால் பங்கு, தன் மேல் முக்கால் பங்கு. புருஷன் பேச வேண்டும் என்று தவம் கிடந்தவள், சனிக்கிழமை சனிக்கிழமையாக நாள் குறித்து, ஏணியைப் பிடித்து, தண்ணீர் பீய்ச்சி, அவன் வாயைத் தானே அடைத்திருக்கிறாள். அதுவும் யாருக்காக? பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக.

மறுநாளே கடைக்குப் போனாள். பழுப்புக் கம்பளம்தான் மலிவாக இருந்தது, யாரும் தொடாத நிறம் என்பதால். தடிப்பானதாகப் பார்த்து வாங்கினாள். வேனிலிருந்து சுருளை இறக்கும்போது மிஸ் பெர்னிடா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன காரியம் பண்ற பொண்ணே! அந்தத் தரைக்கு மேல இதைப் போடப் போறியா? பழுப்பு வேறயா? எவ வாங்குவா இந்த வீட்டை?"

லெனோரா விஷயத்தைச் சொன்னாள். எதிரொலிக்கிற தரை, மொட்டைக் கூரை, பீரங்கி தின்ற காது, எல்லாவற்றையும். மிஸ் பெர்னிடா வழக்கமாகப் பிறர் பேசி முடிக்கும்வரை பொறுக்கிறவள் இல்லை. அன்று பொறுத்தாள். அவள் வீட்டு ஜன்னல் வழியே டீவி ஊருக்கே செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.

"இருபது வருஷமா இப்படித்தான் அலற விடறாரு," என்றாள் மெதுவாக. "நான் திமிருன்னு நெனச்சுட்டேன்." கொஞ்சம் நின்று, "அந்தச் சுருள்ல மிச்சம் விழுமா?" என்று கேட்டாள்.

இந்தத் தடவை லெனோரா யாரையும் கேட்கவில்லை. தரை முழுக்கக் கம்பளம். ஜன்னலுக்குக் கனத்த திரை. உட்கூரையில் தக்கைப் பலகைகள். இடித்த சுவர் இருந்த இடத்தில் மரச்சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் புத்தக அடுக்கு. நீள மேஜையை விற்றுவிட்டு, மூன்று பேர் முகத்தையும் மூன்று பேர் பார்க்கிற மாதிரி சின்னதாக ஒரு வட்ட மேஜை. கை வைத்ததுதான் வைத்தோம் என்று கோரினின் அறையை ஊதாவாக்கினாள். அடுப்படிக்கு மஞ்சள், சும்மா மஞ்சள் இல்லை, முட்டைக்கரு மஞ்சள். வீடு மறுபடியும் கொட்டகையானது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளந்தார்கள், வேறு காரணத்துக்கு.

வெண்டல் ஒரே நாளில் பேசிவிடவில்லை. பேசாமல் இருந்து பழகியவனுக்கு வாய் எழ நாளாகும். ஜூன் கடைசியில் ஒரு நாள் அவன் காரேஜுக்குப் போக மறந்துபோனான். ஜூலையில் பாம்பு விஷயம் விவாதத்துக்கு வந்து, கோரின் சட்டப்படி வாதாடித் தோற்றாள். ஆகஸ்டில், "எல்லாரும் ஒரே நேரத்துல பேசினா யாருக்குத்தான் கேக்கும்?" என்று லெனோராவே ஒருமுறை கத்த வேண்டி வந்தது. கத்திவிட்டு, உள்ளே போய், மஞ்சள் சுவரைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் வெண்டலே ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: "திங்கட்கிழமை காது டெஸ்ட்டு. இந்தத் தடவை கேட்டா மட்டும்தான் பொத்தானை அமுக்கப்போறேன்."

"உன்னை அப்படிப் பண்ணச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை. இங்க உக்காந்து கேட்டுப் பாத்தப்புறம், இவ்வளவு நாளா எவ்வளவு போச்சுன்னு கணக்குத் தெரியுது. இனிமே போகவிட முடியாது."

பதினொரு தடவை அமுக்கினான். முப்பது தடவை அமுக்கியிருக்க வேண்டும். டாக்டர் இரண்டாம் முறையும் வைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் எப்படி ஓட்டினீர்கள் சார்ஜன்ட் என்று கேட்டாராம். காதுக்கருவிக்கு எழுதிக் கொடுத்தார். காகிதங்கள் மேலே போயின, கீழே வந்தன. குளிர்காலம் முடியும்போது முடிவு வந்தது. பீரங்கி வேலை இனி இல்லை. சரக்குக் கிடங்கு வேலைக்கு மாற்றம். பயிற்சி வர்ஜீனியாவில், வேலையும் அங்கேயே. ஆறு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். கருவியும் அங்கே போனபிறகுதான் கிடைக்கும்.

மூன்று வருஷம் என்று கணக்குப் போட்டிருந்தவள் லெனோரா. முழுசாக இரண்டுகூட ஆகவில்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பரிசா?

"வீடு கொஞ்சம் வசதியாச்சுன்னா போதும், அந்த ஆபீஸ்காரனுங்களுக்கு மூக்கு வேர்த்துடும் கண்ணு," என்று பெர்னிடா அவளைக் கட்டிக்கொண்டாள். "எனக்குப் பதினோரு தடவை வேர்த்துச்சு."

வீட்டை விற்கத் தரகர் வந்தாள். உயரமான காலணி கம்பளத்தில் புதையப் புதைய நடந்தாள். ஊதா அறையைப் பார்த்து இருமினாள். மஞ்சள் அடுப்படியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, அது இருமலைவிட மோசம். பிறகு வட்ட மேஜையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினாள்.

"கம்பளத்தைத் தூக்கிடணும். கீழ நல்ல தரை இருக்கே, யாராவது மூடுவாங்களா? இந்த அலமாரிச் சுவரு போகணும். கூரையில இருக்கற பலகை போகணும். எல்லாத்துக்கும் சாம்பல் அடிச்சுடுங்க. ரெண்டு வாரத்து வேலை. பண்ணீங்கன்னா பதினஞ்சாயிரம் டாலர் கூடவே கிடைக்கும், ஒரே வாரத்துல போயிடும். பண்ணலைன்னா, வாங்கின விலைக்கும் கீழதான்."

வெண்டல் பட்டியலைக் கையில் எடுத்தான். "நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்," என்றான்.

"வெண்டல்."

"அது உன் உழைப்பு லெனோரா. வர்ஜீனியாவுல அடுத்த வீட்டுக்கு அந்தக் காசு வேணும். நாப்பது நாள்தானே. நான் சமாளிச்சுக்குவேன்."

பதினைந்தாயிரம் சின்னக் காசு இல்லை. ஒரு சார்ஜன்ட் வீட்டில் அது காரும் கடனும் கோரினின் பல் கம்பியும். முதல்நாளிலிருந்து லெனோரா செய்த ஒவ்வொரு காரியமும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்வதற்காகத்தான். சரி என்று சொல்ல வாயும் திறந்துவிட்டாள். ஆனால் அவன் சொன்ன அந்த 'சமாளிச்சுக்குவேன்' அவளுக்குள் எங்கேயோ போய்க் குத்தியது. அவன் எப்படிச் சமாளிப்பான் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பான், தலையாட்டுவான், காரேஜுக்குப் போவான்.

"வேண்டாம்," என்றாள். "நாங்க கிளம்பற வரைக்கும் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாது. வாங்கறவங்க வந்து அவங்களே பேத்துக்கட்டும்."

"அவ்வளவு நஷ்டத்துக்கா?" தரகர் பேனாவை மூடவில்லை.

"பதினோரு வருஷம் காத்திருந்து இந்த மேஜையில பேச உக்காந்திருக்கோம் மேடம். கடைசி நாப்பது நாளை நான் விக்கமாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, தரகர் போனதும் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டம் அழுதாள். பணத்துக்காகவும்தான். வெண்டல் வந்து பக்கத்தில் நின்றான்.

வீடு ஐந்து வாரம் கழித்துப் போனது, சொன்ன மாதிரியே அடிமாட்டு விலைக்கு. வாங்கியவர் கேப்டனும் இல்லை, பட்டாளமும் இல்லை. உள்ளூர்ப் பல் டாக்டர், தனி ஆள். வந்த கையோடு கம்பளத்தைப் பேர்க்கப்போவதாக முகத்துக்கு நேரே சொன்னார். அவர் வீடு, அவர் இஷ்டம்.

கடைசி நாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது, வட்ட மேஜை உட்பட. மாலை நாலரை மணிக்கு மூவரும் பழுப்புக் கம்பளத்தின் மேல் பீட்சாப் பெட்டியை வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெண்டல் முதல் துண்டை லெனோராவுக்கு எடுத்துக் கொடுத்தான். கோரின் சாப்பிடவில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய், கம்பளத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் சத்தமே இல்லை. பதினோரு வயதுக்குள் இது அவளுக்கு ஆறாவது பள்ளிக்கூடம்.

"புது ஸ்கூல்ல யாருமே எங்கூடப் பேசலைன்னா?" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை. கம்பளத்துக்குள் முணுமுணுத்தாள்.

லெனோரா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வெண்டல் கையிலிருந்த துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினான். மகளுக்குப் பக்கத்தில் அவனும் கன்னத்தைக் கம்பளத்தில் வைத்துப் படுத்தான்.

"எனக்கும் அதே பயம்தான்," என்றான். "அங்க எனக்கும் ஒருத்தரையும் தெரியாது. வேலையும் தெரியாது. முதல் நாள் யாரு எங்கூட உக்காந்து சாப்பிடுவாங்கன்னு நேத்துலேருந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நீங்களா?" கோரின் தலையைத் தூக்கினாள். "நீங்க பெரியவரு."

"பெரியவனா இருந்தா? நீயாவது அஞ்சு ஸ்கூல் பாத்தவ. எனக்குச் சொல்லிக் குடேன், முதல் நாள் உள்ள போனதும் என்ன பண்ணணும்?"

அவள் யோசித்தாள். பிறகு எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் பெஞ்சில் உட்காரக் கூடாது. யாராவது பென்சில் கேட்டால் இரண்டாகக் கொடுக்க வேண்டும். வெண்டல் படுத்தபடியே நடுநடுவே சந்தேகம் கேட்டான். பீட்சா ஆறிக்கொண்டிருந்தது. லெனோரா பேசாமல், இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.